அடங்கிய கடலில் கற்ற தம்பி

வாசகர் கடிதம்:

நான் திருகோணமலையில் ஒரு பாடசாலையில் கணித ஆசிரியை. வயது 38. அப்பா இறந்த பிறகு தம்பியை வளர்த்தது பெரும்பாலும் நான்தான். அவனுக்கு இப்போது 26 வயது. எங்கள் சித்தப்பா முப்பது வருடமாகக் கடலுக்குப் போகிறவர். பருவகாலத்தில் நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குச் சுற்றுலாப் பயணிகளையும் ஏற்றுவார். தம்பி முதலில் உட்துறைமுகத்தில் கூட்டாளியின் படகில் ஓட்டப் பழகினான். பிறகு இரண்டு பருவம் சித்தப்பாவுக்கு உதவியாக நின்றான். இந்த வருடம் என் காப்புகளை அடகு வைத்து அவனுக்குப் பழைய பைபர் படகு ஒன்றும் என்ஜினும் வாங்கிக் கொடுத்தேன்.

ஐப்பசி பிறந்ததும் கடல் மாறுகிறது என்று பெரியவர்கள் படகுகளைக் கரையேற்றிவிட்டார்கள். இவன் மட்டும் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு போனான். தீவின் வெளிப்பக்கத்தில் பாரில், அதாவது தண்ணீருக்கடியில் கிடக்கும் பாறைத் திட்டில், மோதி என்ஜின் உடைந்தது. ஒரு பெண்ணுக்குக் காலில் ஏழு தையல். கேட்டால், "திடீரென்று அலை வந்தது, யாருக்கும் நடக்கக்கூடியது" என்கிறான். சித்தப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது தை பிறந்ததும் இரண்டாவது படகு வாங்க வேண்டும், மிச்ச நகையையும் தா என்று நிற்கிறான். நான் கத்தினேன். "அக்காவுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்?" என்று திருப்பிக் கேட்டான்.

குறைகுடம் கூத்தாடும் என்கிறார் என் மாமி. சித்தப்பா ஓட்டுவதை இரண்டு பருவம் பக்கத்தில் நின்று பார்த்தவனுக்குத் தன் குறை எப்படித் தெரியாமல் போகும்? இந்தக் கர்வத்தை எப்படி அடக்குவது? நகையைக் கொடுப்பதா, வேண்டாமா?

ஓர் அக்கா, உப்புவெளி

உளவளத்துணையாளரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நகையைக் கொடுக்காதீர்கள். நீங்கள் கடைசி வரியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றவற்றை ஆறுதலாகக் கதைக்கலாம், இது தை பிறப்பதற்குள் முடிவாக வேண்டிய விடயம். மறுக்கும்போது தம்பியின் திறமையைப் பற்றி ஒரு சொல்லும் சேர்க்காதீர்கள். "ஒரு படகு ஒரு முழு வருடம் ஓடட்டும், வரவு செலவைப் பார்த்துவிட்டு அடுத்ததைப் பற்றிக் கதைப்போம்" என்றால் போதும். கணக்கு உங்கள் தொழில். அந்த இடத்தில் நின்று நீங்கள் பேசினால், கடலைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று அவர் கேட்க இடமில்லை.

இன்னொன்றிலும் விட்டுக்கொடுக்காதீர்கள். சித்தப்பாவோ அவருக்கு ஈடான ஒருவரோ கூட இல்லாமல், வரும் பருவத்தில் உங்கள் தம்பி பயணிகளை ஏற்றக் கூடாது. பயணி என்பவர் முன்பின் தெரியாத ஒருவர் கையில் தன் உயிரைக் கொடுத்துவிட்டு, கடலின் அழகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். 2021 நவம்பர் 23 காலையில் கிண்ணியா, குறிஞ்சாக்கேணியில் ஆட்களை அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் படகுப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். அதன் காரணங்கள் வேறு, உங்கள் தம்பியை அதனோடு ஒப்பிட நான் வரவில்லை. ஆனால் தண்ணீரின் மேல் ஆட்களை ஏற்றிச் செல்வது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதை இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. தம்பி மனம் மாறும்வரை அந்தப் பொறுப்பு காத்திருக்காது. அவருக்குப் புரிகிறதோ இல்லையோ, தடுப்பு முதலில் வர வேண்டும்.

இனிக் கர்வத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். அதில் எனக்குக் கர்வம் தெரியவில்லை. அது இருந்திருந்தால் உங்கள் வேலை இன்னும் இலகுவாக இருந்திருக்கும்.

உங்கள் வகுப்பறையையே எடுத்துக்கொள்ளுங்கள். சமன்பாட்டில் ஓர் உறுப்பை மறுபக்கம் கொண்டுபோனால் குறி மாறும் என்பது தெரியாத ஒரு பிள்ளை இருக்கிறது. கணக்கைச் செய்து முடிக்கிறது. "சரிபார்த்தாயா?" என்று கேட்கிறீர்கள். பிள்ளை மெய்யாகவே சரிபார்க்கிறது, மூன்று தரம் பார்க்கிறது. மூன்று தரமும் விடை சரியாகவே தெரிகிறது. பரீட்சை மண்டபத்திலிருந்து "மிக இலகு, ரீச்சர்" என்று சிரித்துக்கொண்டு வருகிறது. பிழையைச் செய்யாமல் இருக்க எந்த அறிவு வேண்டுமோ, செய்த பிழையைக் கண்டுபிடிக்கவும் அதே அறிவுதான் வேண்டும். அது இல்லாதபோது கணக்கும் பிழைக்கிறது, பிழைத்தது தெரியாமலும் போகிறது. அந்தப் பிள்ளையை நீங்கள் திமிர் பிடித்தது என்று சொல்லமாட்டீர்கள் அல்லவா?

1999 இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஜஸ்டின் குருகர், டேவிட் டனிங் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதை ஆராய்ந்து எழுதினார்கள். மாணவர்களுக்குத் தர்க்கம், இலக்கணம் போன்றவற்றில் சோதனை வைத்து, "மற்றவர்களோடு ஒப்பிட்டால் நீங்கள் எந்த இடத்தில் நிற்பீர்கள்?" என்று கேட்டார்கள். புள்ளி குறைந்த கால்வாசிப் பேரின் உண்மையான இடம், நூறு பேரைக் கடைசியிலிருந்து எண்ணி வந்தால், சராசரியாக 12. அவர்கள் தங்களுக்குக் கொடுத்துக்கொண்ட இடம் 62. இந்த இரண்டு எண்களையும் பலர் எடுத்துச் சொல்கிறார்கள். அறிவில்லாதவன் தன்னை மேதை என்று நினைக்கிறான் என்பதற்கு இதுவே சான்று என்கிறார்கள். எண்களை நிதானமாகப் பாருங்கள், சகோதரி. 62 என்பது மேதையின் இடம் அல்ல. "நான் பரவாயில்லை, நடுவிலும் கொஞ்சம் மேலே" என்பவரின் இடம். திறமையில் மேலே இருந்தவர்கள் தங்களுக்குக் கொடுத்த இடம் அதைவிட உயர்வாகத்தான் இருந்தது.

உங்கள் தம்பியும் தன்னைக் கிழக்குக் கரையின் முதல் படகோட்டி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. "இங்கே ஓடுகிற பலரைப் போல நானும் ஓடுவேன், சிலரைவிட நன்றாகவே ஓடுவேன்" என்றுதான் நினைக்கிறார். இது அடக்கமான நினைப்பு. அதனால்தான் அது அவருடைய கண்ணுக்கே படுவதில்லை. கர்வத்தை அடக்குகிறேன் என்று நீங்கள் போனால், தன்னிடம் இல்லாத ஒன்றுக்காகத் தன்னைத் திட்டுகிறார்கள் என்றே அவருக்குப் படும். பிறகு நீங்கள் சொல்லும் எதையும் கேட்கமாட்டார். மாமியின் குறைகுடப் பழமொழியையும் தயவுசெய்து அவர் காதில் போடாதீர்கள். நமது மொழியில் புல்லறிவாண்மை என்ற ஒரு பழைய சொல் உண்டு. கொஞ்ச அறிவை வைத்துக்கொண்டு அதுவே நிறைய என்று நம்பி நடப்பது. சொல் கூர்மையானது. ஆனால் அதை நம்மை நோக்கித் திருப்பிப் பார்க்கத்தான் வைத்துக்கொள்ள வேண்டும், அடுத்தவர் மேல் எறிவதற்கு அல்ல.

அந்த ஆய்வைப் பற்றி உங்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும், நீங்கள் கணிதம் படித்தவர் என்பதால். அடியில் நிற்பவர் தன்னைத் தவறாக மதிப்பிட்டால் பெரும்பாலும் மேல்நோக்கித்தான் தவற முடியும், உச்சியில் நிற்பவர் கீழ்நோக்கித்தான் தவற முடியும், ஆகவே அந்த இடைவெளியில் ஒரு பகுதி வெறும் கணக்கின் விளைவு என்று பின்னர் வந்த பலர் வாதிட்டிருக்கிறார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. விளைவு எவ்வளவு பெரிது என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று காண்பதற்கும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் என் அறைக்கு வருகிறவர்களிடம் வாரம்தோறும் காண்கிறேன்.

சித்தப்பாவின் பக்கத்தில் நின்று பார்த்தவனுக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்டிருக்கிறீர்கள். பக்கத்தில் நின்று பார்த்ததாலேயே தெரியாமல் போயிருக்கலாம். மேசையில் பாத்திரங்கள் அப்படியே நிற்க, விரிப்பை மட்டும் இழுத்து எடுக்கும் வித்தையைக் கண்டிருப்பீர்கள். அதன் காணொளியைச் சிலருக்கு ஒரு தரமும் வேறு சிலருக்கு இருபது தரமும் காட்டி, "உங்களால் இது முடியுமா?" என்று கேட்ட ஆய்வு ஒன்று 2018 இல் வெளியானது. அதிகம் பார்த்தவர்களுக்கு நம்பிக்கையும் அதிகமாக இருந்தது. அதே ஆய்வில், இலக்குப் பலகையில் சிறு அம்பு எறிவதைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர்களிடம் அம்பைக் கொடுத்து எறியச் சொன்னார்கள். நம்பிக்கை கூடியிருந்தது. எறிதல் கூடவில்லை.

சித்தப்பா தீவை நெருங்கும்போது என்ஜினைக் குறைத்து, ஒரு பக்கமாக ஒதுங்கி, படகை மணலில் மெல்லச் சாய்ப்பதை உங்கள் தம்பி நூறு முறை பார்த்திருப்பார். அவர் பார்த்தது கையை. சித்தப்பாவின் கண் எதைப் பார்த்தது, எந்த நிறத் தண்ணீரைக் கண்டு ஒதுங்கினார், எந்த அலையை விட்டு எந்த அலையில் ஏறினார் என்பதைப் பக்கத்தில் நின்றவர் காண முடியாது. தேர்ந்தவர் செய்யும்போது வேலை இலகுவாகத் தெரியும். அந்த இலகு முப்பது வருட உழைப்பின் பலன் என்பது மட்டும் தெரியாது.

அதோடு உங்கள் தம்பி எங்கே, எப்போது கற்றார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். உட்துறைமுகம் மலைகளுக்கும் முனைகளுக்கும் உள்ளே ஒதுங்கிக் கிடக்கும் தண்ணீர். வெளியே கடல் கொந்தளிக்கும் நாளிலும் உள்ளே படகு அசையாமல் நிற்கும். ஐரோப்பியர் ஒருவர் பின் ஒருவராக இந்தத் துறைமுகத்துக்காக அடித்துக்கொண்டது அதற்காகத்தான். அங்கே கற்றவருக்குக் கடல் அடங்கிய பிராணியாகத் தெரியும். பிறகு நிலாவெளியில் இரண்டு பருவம். அதுவும் சித்திரை, வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை, கிழக்குக் கரை அமைதியாக இருக்கும் மாதங்கள். வாடைக்காற்றை அவர் கரையிலிருந்துதான் பார்த்திருக்கிறார். தீவு கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர்தான், கண்ணுக்கு எதிரே நிற்கிறது. நல்ல கடலில் அந்தத் தூரம் ஒன்றுமே இல்லை. ஆக அவருக்கு அனுபவம் இருக்கிறது, பொய் இல்லை. ஆனால் எந்தத் தவறையும் தண்டிக்காத கடலில் பெற்ற அனுபவம் அது. தவறு செய்த நாளிலும் படகு பத்திரமாகக் கரைக்கு வந்துவிட்டால், அது தவறு என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? இறங்கும்போது பயணிகள் கைகுலுக்கி, "மிக நன்றாக ஓட்டினீர்கள்" என்று சொல்லிப் பணமும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்குப் படகோட்டத்தைப் பற்றி என்ன தெரியும்?

டேவிட் டனிங்கும் கார்மென் சான்செஸும் 2018 இல் கண்டதும் இதற்குப் பொருந்துகிறது. ஒன்றுமே தெரியாமல் தொடங்குகிறவர் கவனமாகத்தான் இருக்கிறார். தன்னை அதிகமாக மதிப்பிடுவதில்லை. சில முறை செய்து பார்த்த பிறகுதான் நம்பிக்கை, திறமையைப் பின்னால் விட்டுவிட்டு ஓடுகிறது. முதல் நாள் படகில் ஏறிய உங்கள் தம்பியை நினைத்துப் பாருங்கள். கயிற்றை எடுக்கவே சித்தப்பாவைக் கேட்டிருப்பார்.

என் வாழ்க்கையிலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். இதை நான் அதிகம் பேருக்குச் சொன்னதில்லை.

2004 டிசம்பர் 26 கடல் வந்த பிறகு, இந்த மாவட்டத்தின் கரையோரம் முழுவதும் முகாம்கள். நான் அப்போதுதான் படிப்பை முடித்திருந்தேன். ஐந்து நாள் பயிற்சி தந்து எங்களை அனுப்பினார்கள். நடந்த அனைத்தையும் ஒரே இருப்பில் முழுவதும் சொல்லவைத்துவிட வேண்டும், அப்போதுதான் மனம் ஆறும் என்பது பயிற்சியின் சாரம். முதல் இரண்டு நாட்கள் நடுங்கிக்கொண்டுதான் போனேன். ஏழெட்டுப் பெண்களோடு இருந்தேன். அழுதார்கள், சொன்னார்கள், என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்கள். மூன்றாம் நாள் எனக்கு நடுக்கம் போய்விட்டது. எனக்கு இது வருகிறது என்று நினைத்தேன்.

நான்காம் நாள் ஒரு தாய். இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவர். அவர் பேச விரும்பவில்லை. நான் விடவில்லை. அந்தக் காலையிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன், அவரும் சொன்னார். முடிந்தபோது நல்ல வேலை செய்துவிட்டேன் என்ற நிறைவோடு எழுந்தேன். அதன் பிறகு அவர் சாப்பிடவில்லை, பாயைவிட்டு எழவில்லை. ஆறுவதற்கு முன் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே விளக்கம் வைத்திருந்தேன். உங்கள் தம்பி அலையைச் சொன்னது போல.

அந்தப் பகுதியில் பல வருடம் வேலை செய்த மருத்துவமாது ஒருவர் முகாமுக்கு வருவார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. முற்றத்தில் நின்றபடி ஒன்று கேட்டார்: "பிள்ளை, நேற்று இரவு அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் யார் படுத்தது?" எனக்குத் தெரியவில்லை. "அவவுடைய சகோதரிமார் எந்த முகாமில்?" தெரியவில்லை. "தண்ணீர் குடித்தாவா?" அதுவும் தெரியவில்லை. நான் அந்தப் பெண்ணின் துயரம் முழுவதையும் கேட்டு வாங்கியிருந்தேன், அவரைப் பற்றி ஒன்றும் அறிந்திருக்கவில்லை. அந்த மூன்று கேள்விகளில் என் காலடி நிலம் நழுவியது. அன்று மாலை அந்த மருத்துவமாதுதான் சகோதரி ஒருத்தியைத் தேடிக் கண்டுபிடித்துக் கூட்டி வந்தார்.

நான் செய்த அந்த முறை பின்னர் வரும் மனவடுவைத் தடுப்பதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்யலாம் என்று ஆய்வுகள் அப்போதே சொல்லத் தொடங்கியிருந்தன. இன்று உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. பாதுகாப்பு, உணவு, உறவுகளோடு சேர்த்துவைத்தல், பேச விரும்பினால் கேட்பது, விரும்பாதவரை வற்புறுத்தாமல் இருப்பது, இவைதான் முதலில் என்கிறது. மருத்துவமாதுக்கு இது எந்த வழிகாட்டியும் இல்லாமலே தெரிந்திருந்தது. எனக்கு ஐந்து நாள் தெரிந்திருந்தது.

இதை எழுதுவதற்குக் காரணம் அந்தக் கேள்விகள். "நீ செய்தது பிழை" என்று அவர் சொல்லியிருந்தால் நான் பயிற்சிக் கைநூலை எடுத்துக் காட்டியிருப்பேன். கேள்வி கேட்டதால், என்னிடம் விடை இல்லை என்பதை நானே கண்டேன். யேல் பல்கலைக்கழகத்தில் 2002 இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், உடுப்பைப் பூட்டும் ஸிப் எப்படி இயங்குகிறது, மலசலகூடத்தில் தண்ணீர் எப்படி இறங்குகிறது போன்றவை உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்டார்கள். நன்றாகத் தெரியும் என்றார்கள். சரி, படிப்படியாக விளக்குங்கள் என்றார்கள். விளக்கத் தொடங்கிய பிறகு தங்கள் மதிப்பீட்டைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். யாரும் அவர்களைத் தாழ்த்தவில்லை.

"அக்காவுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்?" என்று தம்பி கேட்டது உங்களுக்கு வலித்திருக்கிறது. ஆனால் உங்கள் கையில் இருக்கும் மிக நல்ல சாவி அதுதான். "உண்மைதான், எனக்குத் தெரியாது. நீ சொல்லு" என்று கேளுங்கள். உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேளுங்கள், மடக்குவதற்காகக் கேட்டால் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். ஐப்பசியில் தீவின் எந்தப் பக்கத்தில் இறக்குவது? ஏன் அந்தப் பக்கம்? பாதி வழியில் என்ஜின் நின்றால் காற்று படகை எங்கே கொண்டுபோகும்? அப்போது நங்கூரம் எத்தனை பாகம் நீளக் கயிற்றில் நிற்கும்? ஐந்து பேரில் இரண்டு பேருக்கு நீந்தத் தெரியாவிட்டால் யாரை எங்கே உட்கார வைப்பாய்? ஒரு கடதாசியில் தீவை வரையச் சொல்லுங்கள், பார் இருக்கும் இடங்களைக் குறிக்கச் சொல்லுங்கள். வெற்றிடம் எங்கே இருக்கிறது என்பதை அந்தக் கடதாசி அவருக்குக் காட்டும். ஒரு நாளில் இதெல்லாம் கேட்க வேண்டாம். சோறு போடும்போது ஒன்று, தேநீர் குடிக்கும்போது ஒன்று.

இப்போது மார்கழி, படகு கரையில் இருக்கிறது. என்ஜினும் திருத்த வேண்டும். இந்த இரண்டு மூன்று மாதங்கள் உங்களுக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு. ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். காலை ஆறு மணிக்குத் தம்பி கடற்கரையில் நின்று, பகல் பன்னிரண்டு மணிக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து வரும், கடல் கூடுமா குறையுமா, இன்று படகு தள்ளலாமா கூடாதா என்று எழுத வேண்டும். எவ்வளவு நிச்சயம் என்பதையும் நூற்றுக்கு இத்தனை வீதம் என்று எழுத வேண்டும். சித்தப்பாவும் தன்னுடையதைச் சொல்லட்டும், அதையும் எழுதுங்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிக்கையை மூன்றாவதாக எழுதுங்கள். பன்னிரண்டு மணிக்கு மூவரும் பார்த்துச் சரி, பிழை போட வேண்டும். மாதக் கடைசியில் கூட்டிப் பார்ப்பது உங்கள் வேலை.

வானிலையாளர்கள் தங்கள் நம்பிக்கையை அளந்து சொல்வதில் கெட்டிக்காரர்கள் என்று அறியப்பட்டவர்கள். மழைக்கு 70 வீத வாய்ப்பு என்று அவர்கள் சொன்ன நாட்களை எண்ணிப் பார்த்தால், ஏறத்தாழ அதே விகிதத்தில் மழை பெய்திருக்கும். அவர்கள் பிறவியிலேயே அடக்கமானவர்கள் என்பதால் அல்ல. சொன்னதை எழுதிவைக்கிறார்கள், மறுநாள் வானம் திருத்திக் கொடுக்கிறது. உங்கள் தம்பிக்கு இதுவரை யாரும் திருத்திக் கொடுக்கவில்லை. கொப்பி இல்லாவிட்டால் ஒவ்வொரு பிழையும் "திடீரென்று வந்த அலை" ஆகிவிடும். காலையில் கையால் எழுதியதைப் பகலில் அப்படிச் சொல்ல முடியாது.

சித்தப்பாவின் மௌனம் எனக்குத் தம்பியின் பேச்சைவிட அதிகக் கவலை தருகிறது. அவர் ஏன் பேசவில்லை என்று நீங்கள் கேட்டீர்களா? அண்ணன் பிள்ளை, தகப்பன் இல்லாதவன், மனம் நோகக் கூடாது என்று இருக்கலாம். தனக்கு இயல்பாக வருவது எல்லோருக்கும் தெரியும், இதில் சொல்ல என்ன இருக்கிறது என்றும் இருக்கலாம். குருகரும் டனிங்கும் செய்த அதே ஆய்வில், திறமையானவர்கள் தங்கள் இடத்தைச் சற்றுக் குறைத்தே மதிப்பிட்டார்கள். மற்றவர்களுக்கும் இது தெரிந்திருக்கும் என்று நினைத்ததுதான் காரணம். நமது ஊர்களில் இது இன்னும் அதிகம். தெரிந்தவர் ஒதுங்கி நிற்பார், அந்த இடத்தில் தெரியாதவரின் குரல் மட்டும் கேட்கும்.

அவரிடம் போய், "தம்பிக்குப் புத்தி சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள். புத்தி சொல்ல அவருக்கு வராது. "சித்தப்பா, நீங்கள் எந்தெந்தப் பாரில் அடித்திருக்கிறீர்கள் என்று அவனுக்குச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். முப்பது வருடத்தில் அடிக்காமல் இருந்திருக்க மாட்டார். எந்த வருடம், எந்தக் காற்று, யார் கூட இருந்தார்கள், எதைக் காணத் தவறினார், திரும்பி வரும்போது மனதில் என்ன ஓடியது. தேர்ந்தவர்கள் தங்கள் வெற்றியைத்தான் காட்டுகிறார்கள், விழுந்த கதையைச் சொல்வதில்லை. இளையவர்கள் அதனால் அந்தத் தொழிலில் விழுதல் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தக் கதைகளைத் தம்பி வரைந்த கடதாசியில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தையல் போட்ட அந்தப் பெண்ணையும் தம்பி ஒரு முறை அழைத்து நலம் கேட்க வேண்டும். அலையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் கேட்க வேண்டும்.

இதெல்லாம் செய்தும் மாறாதவர்களை நான் கண்டிருக்கிறேன். கொப்பியை மூன்றாம் நாளே எறிந்துவிடுவார்கள். அப்படி நடந்தால் நகையும் இல்லை, பயணிகளும் இல்லை என்ற இரண்டிலும் நீங்கள் அசையாமல் நிற்பதைத் தவிர வழியில்லை. அவர் கோபித்துக்கொண்டு சில காலம் பேசாமல் இருக்கலாம். அதைத் தாங்குங்கள்.

ஆனால் கொப்பி நிரம்பினால், ஒரு நாள் வரும். சித்தப்பாவுக்குப் பத்தில் எட்டு, தனக்குப் பத்தில் நான்கு என்று அவரே எண்ணிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவார். அன்று முகம் செத்திருக்கும். "எனக்கு ஒன்றும் வராது, படகை விற்றுவிடுவோம்" என்றுகூடச் சொல்லலாம். மருத்துவமாது கேள்வி கேட்ட அன்று இரவு நானும் இந்த வேலை வேண்டாம் என்றுதான் படுத்தேன். நான் அப்போதே சொன்னேன் என்ற வார்த்தை அன்று உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. மாமியையும் அன்று வீட்டுக்கு அழைக்காதீர்கள். படகை விற்கவும் விடாதீர்கள். அவர் இப்போதுதான் கற்கத் தொடங்கியிருக்கிறார். சாப்பாட்டைப் போட்டுவிட்டு, கொப்பியை எடுத்துப் புதிய பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வையுங்கள். "நாளைக்குக் காற்று எப்படி இருக்கும் என்று நினைக்கிறாய்?" என்று கேளுங்கள்.

பங்குனியில் கடல் அடங்கியதும் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் உளவளத்துணையாளர்